வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவளுடைய அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. தெருவில் யாராவது கேட்டால், "மெட்ராஸ்ல, கம்ப்யூட்டர்ல தப்பு கண்டுபிடிக்கா" என்று லூர்தம்மாள் முடித்துவிடுவாள். அப்படிச் சொல்வதிலும் பெரிய பிசகு இல்லை. மற்றவர்கள் எழுதிய நிரல்களின் வாசலில் போய் நின்று, ஒழுங்காகவும் கேட்டு, கோணல்மாணலாகவும் கேட்டு, உள்ளேயிருந்து சரியான பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அந்த வாசல்களுக்கு ஏபிஐ என்று பெயர். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு புதுச் சோதனைக் கருவியைத் தன் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பழையதைவிட இது வேகம். ஒரே மூச்சில் ஆயிரம் வாசல்களைத் தட்டும். குழுவில் அதற்குக் 'கதவுதட்டி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நிறுவும்போது நாலைந்து இடத்தில் நீளநீளமான நிபந்தனைகளைக் காட்டி, 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கச் சொன்னது. ஜெசிந்தா அமுக்கிக்கொண்டே போனாள். அதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிற ஒரு ஆளை அவள் இன்னும் சந்திக்கவில்லை.

பிறகு இரண்டு சூழல்களை அமைத்தாள். ஒன்று சோதனை, மற்றது நிஜம். சோதனை என்பது ஒத்திகை மாதிரி. என்ன கேட்டாலும் யாருக்கும் சேதாரம் இல்லை. நிஜத்தில் ஒரு கேள்வி தவறிப் போய்விட்டால் எங்கோ ஒருவருடைய வாழ்க்கையில் ஏதாவது நடந்துவிடும். அதனால் நிஜத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்து வைப்பது சோதனைக்காரர்களின் வழக்கம். அவளும் கொடுத்தாள். அப்போதுதான் அம்மாவின் அழைப்பு வந்தது.

"ஏட்டி ஜெசி, வீட்டைக் காலி பண்ணணுமாம். அடுத்த திங்கக்கிழம லாரி வருதாம்."

"சரிம்மா" என்றாள் ஜெசிந்தா, வாசலைத் திறக்கும் அனுமதி டோக்கனைக் கருவியில் ஒட்டியபடியே.

"என்னட்டி சரி? நான் சொல்லுதது ஒங் காதுல விழுதா இல்லையா?"

விழுந்தது, கொஞ்சம் தாமதமாக. ஜெசிந்தா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

தூத்துக்குடியில், கடலை ஒட்டிய அந்தத் தெருவை அகற்றிவிட்டுக் கரை மேம்பாட்டு வாரியம் சரக்குப் பாதை போடப்போகிறது என்ற பேச்சு ரொம்ப நாளாகவே இருந்தது. வீடு அப்பா பெயரில் இருந்தது. அவர் இறந்த பிறகு லூர்தம்மாள், மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் ரெக்ஸ்லின், ஜெசிந்தா என மூன்று பேருக்கும் பாத்தியதை. முன்னறையில் லூர்தம்மாள் தையல் கடை வைத்திருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் சீருடையெல்லாம் அவள் கையால்தான். மாற்றாகக் கொடுக்கப்போவது ஊருக்கு வெளியே ஆறாவது மாடியில் ஒரு வீடு.

"சம்மதம் இல்லாம அப்படி அனுப்ப முடியாதும்மா."

"அதத்தான் நானும் ஆபீஸ்ல போய்க் கேட்டேன். நான் சம்மதிச்சுட்டேனாம். நான் எப்பட்டி சம்மதிச்சேன்? அங்க இருக்க பய சொல்லுதான், 'ஒங்க பதிலி சொல்லிருச்சேம்மா'ன்னு. வேணும்னா மேல்முறையீடு பண்ணுங்க, தொண்ணூறு நாளாகும்ங்கான். திங்கக்கிழம வீட்ட இடிச்சப் பொறவு தொண்ணூறு நாள் கழிச்சு எனக்கு என்னத்தத் தருவான்?"

பதிலி வந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு மனிதர் பேசியது, எழுதியது, வாங்கியது, வேண்டாம் என்றது எல்லாவற்றையும் படித்துவைத்துக்கொண்டு, அவர் என்ன சொல்வாரோ அதையே அவருக்குப் பதிலாகச் சொல்லும் நிரல் அது. கடன், அறுவை சிகிச்சை, நிலம், அலுவலக விடுப்பு என்று எதற்கும் இப்போது ஆளைக் கேட்பதில்லை, பதிலியைக் கேட்கிறார்கள். பதிலி சொன்னது ஆள் சொன்னதாகவே சட்டத்தில் செல்லும். அந்தக் கேள்விகள் போய்வரும் வாசலைக் கட்டியது ஜெசிந்தாவின் நிறுவனம்தான். அதன் புதுப் பதிப்பைச் சோதிக்கத்தான் அவள் கதவுதட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் போன வாரம் 'சம்மதம் பெறப்பட்டது'ன்னு ஒரு மெசேஜ் வந்துச்சும்மா. என்னன்னு நான் பாக்கல."

"அந்தப் பதிலிங்கது என்னைய மாதிரியே பேசுமா?"

"ஒன்ன மாதிரியேதான் பேசும்."

"என்னைய மாதிரிப் பேசுனா அது எப்படிட்டி சரின்னு சொல்லும்? ரெக்ஸ்லின்ட்ட ஒரு வார்த்த கேக்காம நான் ஒரு அண்டாவக்கூட மாத்துனது கெடையாது."

அம்மா போனை வைத்த பிறகும் அந்த அண்டா ஜெசிந்தாவின் மனதை விட்டுப் போகவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியென்றால் பதிலி பொய் சொல்லியிருக்க வேண்டும். பதிலி பொய் சொல்கிறது என்றால் அதைக் கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. அவளுக்கு அதற்குத்தான் சம்பளம்.

நிஜக் கோப்புகளைத் திறக்க அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் சோதனைச் சூழலில், பெயர் நீக்கிய நிஜக் குடும்பங்களின் பதிலி நகல்கள் இருந்தன. வீட்டை விட்டு மாறச் சம்மதமா என்று ஒரு கேள்வியை எழுதி எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பினாள். பதில் வந்ததா, வடிவம் சரியா, ஒரு நிமிடத்துக்குள் வந்ததா என்று மூன்று சோதனைகள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் திரை முழுக்கப் பச்சை. எல்லாம் தேர்ச்சி, முக்கால்வாசிப் பேர் சம்மதம்.

பச்சையைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நிம்மதி வரும். ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் வரும். நேரம் காட்டும் பத்தியைப் பார்த்தாள். சம்மதம் என்று சொன்னவர்கள் அநேகமாக எல்லோரும் முப்பது விநாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரே ஒரே நேரத்தில் யோசித்து முடிக்குமா?

பக்கத்து மேசையில் முபாரக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். இந்த வாசலின் பாதி நிரலை எழுதியவன் அவன்தான்.

"முபாரக், முப்பது விநாடிங்கறது என்ன?"

"காலக்கெடு. அதுக்குள்ள பதிலி பதில் சொல்லலன்னா வாசல் காத்துட்டு இருக்காது. மூடிடும்."

"மூடிட்டு என்ன சொல்லும்?"

முபாரக் கோப்பையைக் கீழே வைத்தான். "எதிர்ப்பு வரலன்னா சம்மதம்னு எடுத்துக்கணும். நமக்குக் குடுத்த ஸ்பெக்ல அப்படித்தான் எழுதியிருக்கு. பதிலிக்கு ஒரு விநாடியே அதிகம் ஜெசி. முப்பது விநாடி அதுக்கு ஒரு மாசம் மாதிரி. அத யார் தாண்டப் போறாங்கன்னு நாங்க யாரும் யோசிக்கல."

"ஊரே தாண்டுது. இங்க வந்து பாரு."

சோதனைச் சூழலில் மட்டும் காலக்கெடுவை எடுத்துவிட்டாள். ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துக் கேள்வியை அனுப்பினாள். பதிலிகள் தமக்குள் பேசிக்கொள்வது திரையில் ஓட ஆரம்பித்தது.

மனைவியின் பதிலி சொன்னது: 'அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.'

கணவனின் பதிலி: 'எனக்கு ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்.'

மாமியாரின் பதிலி: 'நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? மருமக என்ன சொல்றாளோ அதான்.'

மருமகளின் பதிலி: 'அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.'

முபாரக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தான். திரையில் அந்தக் குடும்பம் சளைக்காமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பு தானாக நின்றுபோனது.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்றான். "வாப்பாட்ட கேட்டா உம்மாவக் கேளும்பாரு."

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான். ஒரு கேள்விக்கு ஒரு ஆளு, ஒரு ஆளுக்கு ஒரு பதில்னு கணக்குப் போட்டு வாசல் கட்டிருக்கோம். சின்ன விஷயம்னா நம்ம ஆளுங்க உடனே சொல்லிடறாங்க. வீடு, நிலம், உயிர்னு வந்தா வீட்டுல கேட்டுச் சொல்றேங்கறாங்க. பதிலியும் அச்சுப் பிசகாம அதையே சொல்லுது. அது பொய் சொல்லல முபாரக். கேட்டுட்டு வர்றதுக்குள்ள நாம கதவச் சாத்திட்டு, சம்மதம்னு எழுதிக்கறோம்."

"அப்ப எவ்வளவு முக்கியமான கேள்வியோ…"

"அவ்வளவு சுலபமா சம்மதம்."

காலக்கெடு இல்லாமல் அத்தனை குடும்பங்களையும் ஓட விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். மறுநாள் மதியத்துக்குள் முக்கால்வாசிக் குடும்பங்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தன. எங்கோ ஒரு சித்தப்பாவின் பதிலி குறுக்கே புகுந்து சுற்றை உடைத்திருந்தது. எங்கோ ஒரு மாமியார் மனதைத் திறந்திருந்தாள். சிலர் உண்மையிலேயே சம்மதித்திருந்தார்கள். நிறையப் பேர் மாட்டேன் என்றிருந்தார்கள். ஒரு குடும்பம், 'நேரில் வாங்க, பேசிக்கலாம்' என்று பதில் அனுப்பியிருந்தது. அதை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல் கதவுதட்டி அதற்கு மட்டும் சிவப்பு போட்டிருந்தது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேலாளர் வித்யாசாகரிடம் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கடைசிவரை பார்த்தார்.

"இது பிழை இல்லம்மா, வடிவமைப்பு" என்றார். "முதல் வருஷம் இதையே தலைகீழா வெச்சிருந்தோம். பதில் வரலன்னா மறுப்புன்னு. என்ன ஆச்சு தெரியுமா? ஆபரேஷன் தியேட்டர்ல ஆளப் படுக்க வெச்சுட்டு டாக்டர்ங்க காத்துக் கிடந்தாங்க. அதுக்கப்புறம்தான் மாத்தினோம்."

"ரெண்டும் வேணாம் சார். பதில் வரலன்னா, பதில் வரலன்னு சொல்லட்டும். ஒரு ஆளு போய் அந்த வீட்டுக் கதவத் தட்டிக் கேக்கட்டும்."

"ஆளு போய்க் கேக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும் பண்ணிருக்கோம்? வெள்ளிக்கிழமை கூட்டத்துல புதுப் பதிப்புக்கு ஒப்புதல் ஆகணும். நீ பச்சைன்னு ரிப்போர்ட் குடு." சற்றுத் தயங்கி, "உங்க அம்மா விஷயம் முபாரக் சொன்னான். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அதுக்காக முழு வாசலையும் நிறுத்த முடியாது" என்றார்.

"நிறுத்தணும்னா யார் சம்மதிக்கணும் சார்?"

"நான், டைரக்டர், வாரியச் செயலர். யார் வேணும்னாலும் வாசல்ல கோரிக்கை போடலாம். ஆனா மூணு பேரும் சம்மதிச்சாத்தான் எல்லா இடமாற்ற உத்தரவும் நிக்கும்."

"நீங்க சம்மதிக்கிறீங்களா சார்?"

வித்யாசாகர் ஜன்னலைப் பார்த்தார். "மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

ஜெசிந்தா அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்குள் ஒரு தெளிவு வந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமைக்குன்னு ஒரு துணியக்கூடக் கட்டாத. மிஷினத் தூக்கவே தூக்காத. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"நீ என்னத்தட்டி பாப்ப?"

"என் வேலையத்தாம்மா பாக்கப்போறேன்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீள மேசையின் ஒரு பக்கம் வித்யாசாகரும் இயக்குநர் சந்திரமோகனும், எதிர்ப்பக்கம் கரை மேம்பாட்டு வாரியத்தின் செயலர் பரிமளாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா தன் கணினியைப் பெரிய திரையில் இணைத்தாள். சுற்றிச் சுற்றி ஓடிய குடும்பத்தைக் காட்டினாள். சந்திரமோகன் சிரித்தார். பரிமளா சிரிக்கவில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சோதனைச் சூழல்ல எது வேணா நடக்கும்" என்றார் சந்திரமோகன். "நிஜத்துல மக்கள் தெளிவாத்தான் இருக்காங்க. உங்க அம்மாவுக்குக் கஷ்டம்னா அது தனி விஷயம்மா. தனியா மனு குடுங்க."

"அம்மாவுக்காகவும்தான் கேக்கறேன் சார், அத மறைக்கல. நிஜத்துலயே ஒரு தடவ காட்டட்டுமா? நம்ம வாசல்ல, நம்ம சட்டப்படி. யார் வேணும்னாலும் போடக்கூடிய கோரிக்கைதான்."

"காட்டுங்க" என்றார் சந்திரமோகன், பிஸ்கட்டை எடுத்தபடி.

ஜெசிந்தா சூழலை மாற்றினாள். திரையின் ஓரம் சிவப்பானது. அதன் அர்த்தம் தெரிந்த முபாரக், பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் கோரிக்கையை எல்லோரும் படிக்கும்படி நிதானமாக எழுதினாள்: 'இந்த வாசல் வழியாகப் பிறந்த எல்லா இடமாற்ற உத்தரவுகளையும் நிறுத்தி வைத்து, சம்பந்தப்பட்டவர்களை நேரில் கேட்கச் சம்மதமா?' பெறுநர்கள் மூன்று பேர். படித்துக் காட்டினாள். விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு ஒரு சுற்று எல்லோரையும் பார்த்தாள்.

"அனுப்பறேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

வித்யாசாகர் சந்திரமோகனைப் பார்த்தார். சந்திரமோகன் பரிமளாவைப் பார்த்தார். பரிமளா வித்யாசாகரைப் பார்த்தார். ஜெசிந்தா அமுக்கினாள்.

திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

வித்யாசாகரின் பதிலி: 'டைரக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.'

சந்திரமோகனின் பதிலி: 'வாரியம் என்ன சொல்லுதுன்னு பார்த்துக்கலாம்.'

பரிமளாவின் பதிலி: 'தொழில்நுட்பக் குழு முதலில் சொல்லட்டும்.'

வித்யாசாகரின் பதிலி: 'டைரக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.'

பின்வரிசையில் யாரோ இருமலாக்கி மறைக்கப் பார்த்தும் அது சிரிப்பாகவே கேட்டது. மூன்று பேரும் திரையில் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது விநாடி முடிந்தது. மூன்று பெயர்களுக்கு நேராகவும் பச்சை விழுந்தது: சம்மதம், சம்மதம், சம்மதம். அடுத்த நொடியே பரிமளாவின் கைபேசி மேசையில் அதிர்ந்தது. மாவட்ட அலுவலகங்களுக்கு நிறுத்த உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி.

"நான் சம்மதம்னு சொல்லலையே" என்றார் சந்திரமோகன். பிஸ்கட் கையிலேயே இருந்தது.

"உங்க பதிலி சொல்லிருச்சே சார்."

"முதல்ல அத ரத்து பண்ணுங்க."

"மேல்முறையீடு பண்ணலாம் சார். தொண்ணூறு நாளாகும்."

வித்யாசாகருக்கு முகம் கறுத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தவரைப் பரிமளா கையமர்த்தினார். அவர் இன்னும் திரையில் தன் பெயருக்கு எதிரே இருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார். "ஒரு எழுத்து மாறல." பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டார். "தொண்ணூறு நாள் இருக்குல்ல. ஆளுங்கள அனுப்பிக் கேக்கச் சொல்றேன். எல்லாக் கோப்பையும் திறந்து, யார் யார் எவ்வளவு நேரம் எடுத்தாங்கன்னு அந்தந்தக் குடும்பத்துக்கே குடுத்துடுங்க."

திங்கட்கிழமை லாரி வரவில்லை. லூர்தம்மாள் அன்று முழுக்கத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தாவை வேறு குழுவுக்கு மாற்றப்போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. அடிபடட்டும் என்று இருந்துவிட்டாள். முபாரக் மதியச் சாப்பாட்டில் தன் பங்கு பிரியாணியில் பாதியை அவள் தட்டில் தள்ளினான். அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர்கள் குடும்பத்தின் கோப்பு அவளுக்கு வந்தது. எதிர்பார்த்தபடியே இருந்தது. அம்மாவின் பதிலி, 'ரெக்ஸ்லின்ட்ட கேட்டுச் சொல்லுதேன்' என்றிருந்தது. அண்ணனின் பதிலி அண்ணி அனிஷாவைக் கேட்டிருந்தது. அனிஷாவின் பதிலி, 'அத்தை என்ன சொல்றாங்களோ' என்றிருந்தது. சுற்று. முப்பது விநாடி. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே கீழே நகர்த்தினாள். கடைசி வரி அவளுடையது. தன் பதிலியும் இப்படி யாரையாவது கேட்கப் போய்த்தான் மாட்டியிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவளுடைய பதிலி யாரையும் கேட்டிருக்கவில்லை. கேள்வி போன கணமே, ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாமல், பதில் வந்திருந்தது. ஒரே ஒரு சொல்தான்: 'சரி.'

அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வாசலில் கோளாறு இல்லை. காலக்கெடு குறுக்கே வரவில்லை. அந்த வீட்டுக்கு உண்மையாகக் கிடைத்த ஒரே சம்மதம் அவளுடையதுதான். இத்தனை வருடமும் நிபந்தனைகளைப் படிக்காமல் அமுக்கியது, அம்மா பேசும்போதெல்லாம் வேறு எதையோ பார்த்தபடி சரிம்மா, சரிம்மா என்றது, எல்லாவற்றையும் பதிலி ஒன்று விடாமல் படித்து வைத்திருந்தது. அவளைப் போலவே பேசியிருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சுற்றிச் சுற்றி ஓடிய மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அவளைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவள் சரி என்றிருப்பாள். சுற்று அங்கேயே முடிந்து, வீடு முறைப்படி போயிருக்கும். கண்டுபிடிக்க ஒரு பிழையும் இருந்திருக்காது. அவளுக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவைக் கூப்பிட்டாள். கணினியை மூடி வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

"அம்மா, வாரியத்துலேருந்து ஆள் வருவாங்க. நேர்ல கேப்பாங்க. வீட்ட என்ன செய்யலாம்னு நீ நெனைக்க?"

"ரெக்ஸ்லின்ட்ட ஒரு வார்த்த கேட்டு…"

"கேளு. அண்ணிட்டயும் கேளு. எங்கிட்டயும் கேளும்மா."

மறுமுனையில் தையல் இயந்திரம் நின்றது. லூர்தம்மாளுக்கு இது புதுசு.

"ஓங்கிட்டயா? சரி, கேக்கேன். இருக்கவா, போகவா? நீ என்னட்டி சொல்லுத?"

பழக்கதோஷத்தில் அந்தச் சொல் ஜெசிந்தாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை உள்ளேயே நிறுத்திக்கொண்டாள். அம்மாவின் முழங்கால் வலி, ஆறாவது மாடி, முன்னறையில் தொங்கும் அரைகுறைச் சீருடைகள், வருடாவருடம் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வருகிற கடல், ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பதில் எளிதாக இல்லை.

"யோசிச்சுச் சொல்லுதேம்மா. வைக்காத, லைன்லயே இரு."

லூர்தம்மாள் வைக்கவில்லை. சற்று நேரத்தில் தையல் இயந்திரம் மறுபடி மெல்ல ஓடத் தொடங்கியது. ஜெசிந்தா அதைக் கேட்டபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.